புலம்பல் சுகம்

நீலகிரியில் இரண்டு மழைக்காலம், ஒரு பனிக்காலம், ஒரு ஸீஸன் என்று பூகோள வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். இங்கே குடியிருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு வேறு. மழையைப்பற்றிப் புலம்பும் காலம், பனியைப்பற்றிப் புலம்பும் காலம், ஸீஸனுக்கு வரும் கூட்டத்தைப்பற்றிப் புலம்பும் காலம், கூட்டம் வராமற் போயிற்றே என்று புலம்பும் காலம் என நான்கு. கடைசியிற் சொன்னது என் கற்பனையல்ல. உதகைக்கு வரும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற்றே வரவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, அது 2024 மே மாதம் அமலுக்கு வந்தது. அதுவரையில், "சேரிங் கிராஸில் சாலையைக் கடக்க ஒரு ஜன்மம் போதாது" என்று சலித்துக்கொண்டவர்களே, பிறகு, "கடையில் ஈ காக்கை இல்லை" என்று சலித்துக்கொண்டார்கள். 2025 ஏப்ரலில் வியாபாரிகள் கடையடைப்பே நடத்தினார்கள். இரண்டு புலம்பலிலும் நியாயம் இருந்தது. இரண்டிலும் கொஞ்சம் சுகமும் இருந்ததோ என்பது என் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தைத்தான் இங்கே சற்று விசாரிக்கலாம் என்று உத்தேசம். மனிதர்களுக்குப் புலம்புவதில் இன்பம் உண்டா? பிறர் புலம்பக் கேட்பதில் இன்பம் உண்டா? முதல் கேள்விக்கு அநேகமாக எல்லோரும் தலையை ஆட்டிவிடுவார்கள். இரண்டாவது கேள்வி வந்ததும், "ஐயோ, எங்கள் வீட்டுக்காரர் புலம்புவதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போய்விட்டது" என்று ஓர் அம்மாள் ஆரம்பிப்பார். அதுவும் ஒரு புலம்பல்தான். அதை நாம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

புலம்பல் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அதற்கு ஓயாமல் குறை சொல்லுதல் என்று பொருள். பழந்தமிழில் 'புலம்பு' என்றால் தனிமை. தொல்காப்பியத்தின் உரியியல் அப்படித்தான் பொருள் கூறுகிறது. சங்கப் பாட்டுக்களிலும் பிரிந்தவர்களுடைய தனிமையைக் குறிக்கவே அச்சொல் வருகிறது. தனிமைக்குப் பெயராக இருந்த சொல், தனிமை தாங்காமல் வாய்விட்டுச் சொல்வதற்குப் பெயராயிற்று. பாஷை இப்படி நடந்துகொள்ளும்போது மனோதத்துவக்காரர்களுக்கு வேலை குறைந்துவிடுகிறது.

நீலகிரியைப்பற்றிப் புலம்பியவர்களில் முதல் தாம்பூலம் ரிச்சர்டு பர்ட்டனுக்கே தரவேண்டும். பிற்காலத்தில் மாறுவேஷத்தில் மக்காவுக்குப் போய் வந்தவரும், அராபிய இரவுக் கதைகளை ஆங்கிலத்தில் எழுதியவருமான அதே பர்ட்டன்தான். 1847-இல் அவர் பம்பாய்ப் படையில் இருபத்தாறு வயது லெப்டினெண்டு. ஸிந்துவில் உடம்பு கெட்டு, நீண்ட நோய் விடுப்புப் பெற்று, கோவா, மலையாளக் கரை வழியாக உதகைக்கு வந்து சேர்ந்தார். சில மாதங்களுக்கு மேல் அவரால் இங்கே இருக்க முடியவில்லை. போதாக்குறைக்குக் கண்நோய் வேறு. 1851-இல் லண்டனில் வெளியான 'கோவாவும் நீலமலைகளும்' என்ற புத்தகத்தில் அவர் உதகையை விட்ட பாடில்லை. இந்த ஊரில் செய்வதற்கு ஒன்றுமில்லை, பேசுவதற்கு ஆளில்லை, பேசுகிறவர்களிடம் விஷயமில்லை என்று அத்தியாயம் அத்தியாயமாகச் சலிப்பும் கிண்டலுமாகவே போகிறார். நம்மவர்களைப்பற்றி அவர் எழுதியிருப்பவற்றில் பல, முகம் சுளிக்க வைப்பவை. வெள்ளைக்காரர்களையும் அவர் விட்டுவைத்தாரில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

அக்காலத்தில் பம்பாய் உத்தியோகஸ்தருக்கும் சென்னை உத்தியோகஸ்தருக்கும் ஆகாது. சென்னைக்காரர்களுக்கு 'மல்' என்று பட்டப்பெயர். நம்முடைய மிளகுத்தண்ணீரை அவர்கள் 'மல்லிகடானி' ஆக்கி, அதைக் குறுக்கிப் பெயராக வைத்துக்கொண்டார்கள். பம்பாய்க்காரர்களுக்கு அங்கே கிடைக்கும் ஒரு மீனின் பெயரால் 'டக்' என்று பட்டம். மிளகு ரசமும் கருவாடும் ஒரே மலைமேல் குளிர் காய வந்தால் என்ன ஆகும்? ஒன்றையொன்று பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இங்கே நான் சொல்ல வந்தது இதுதான். உதகையைப் புகழ்ந்து பூலோக சுவர்க்கம் என்று எழுதிய புத்தகங்கள் எத்தனையோ. அவற்றை இன்று யார் தேடிப் படிக்கிறார்கள்? பர்ட்டனின் வசைமாலையை மட்டும் 1991-இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் மறுபதிப்புப் போட்டது. எழுதும்போது அந்த மனிதர் அனுபவித்து எழுதியிருக்கிறார் என்பது வரிக்கு வரி தெரிகிறது. ஊரைப் பிடிக்கவில்லை, ஊரைப் பிடிக்கவில்லை என்று சொல்வது மிகவும் பிடித்திருக்கிறது. படிக்கிற நமக்கும் அந்த ஊக்கம் தொற்றிக்கொள்கிறது. இந்த ஊரில் குடியிருந்துகொண்டு, இந்த ஊரை அவர் ஏசுவதைப் படித்துச் சிரிக்கிறேனே, எனக்கு ரோஷம் இல்லையா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டதுண்டு.

பர்ட்டனுக்கு முன்பே, 1834-இல், மெக்காலே இங்கே வந்திருந்தார். அவரும் ஓயாத மழையைப்பற்றிக் கடிதங்களில் குறைப்பட்டுக்கொண்டவர்தான். நாற்பத்து மூன்று வருஷம் கழித்து, 1877-இல், வைசிராய் லிட்டன் பிரபு வந்தார். அவர் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் உதகையின் மழையையும் சேற்றையும், 'அசல் இங்கிலாந்துச் சரக்கு' என்னும் பாவனையில் புகழ்ந்து தள்ளினார். ஒருவர் புலம்பிய மழை. அடுத்தவர் கொண்டாடிய மழை. ஆனால் லிட்டன் அந்த வருஷம் சென்னை ராஜதானிக்கு எதற்காக வந்தார் என்பதை மறந்துவிடக்கூடாது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தைப் பார்வையிடத்தான் வந்தார். கீழே சேலத்திலும் பல்லாரியிலும் ஜனங்கள் வானத்தைப் பார்த்து மடிந்துகொண்டிருந்தபோது, மேலே மழையின் அழகைப்பற்றி ஒரு கடிதம்! கவர்னர் பக்கிங்காம் பிரபு உதகையில் கவர்னர் மாளிகை கட்டத் தொடங்கியதும் அதே காலத்தில்தான்.

இதைப்பற்றிப் புலம்பாமல் இருக்க முடியுமா? வெயில் வந்ததும் சர்க்கார் முழுவதும் தஸ்தாவேஜுகளைக் கட்டிக்கொண்டு மலையேறிவிடும் வழக்கத்தைச் சென்னைப் பத்திரிகைகள் திரும்பத் திரும்பக் கண்டித்தன. இந்த விஷயத்தில் மட்டும் சென்னையில் வியாபாரம் செய்த வெள்ளைக்காரர்களும் நம்மவர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். சர்க்கார் அசையவில்லை. எனினும் அந்தப் புலம்பலை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆளுகிறவர்கள் குளிர்ந்த இடத்தில் இருந்துகொண்டு வெந்த இடத்தை ஆள்கிறார்கள் என்ற செய்தி, அந்தத் தலையங்கங்களின் வழியாகத்தான் ஆயிரக்கணக்கான திண்ணைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. திண்ணையில் ஒருவர் உரக்கப் படிக்க, நாலு பேர் 'அக்கிரமம், அக்கிரமம்' என்று தாளம் போட்டுக் கேட்டிருப்பார்கள். அந்த நாலு பேருக்கும் அதில் இன்பம் இல்லாமலா இருந்திருக்கும்?

வெள்ளைக்காரர்கள் இங்கே வந்து புலம்பக் கற்றுக்கொள்வதற்கு நெடுங்காலம் முன்பே, இந்த மலையின் மக்கள் புலம்பலுக்கு ஒரு முறையும் ஒழுங்கும் ஏற்படுத்தி வைத்திருந்தார்கள்.

தோடர்களிடையே சாவு நேர்ந்தால், இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, நெற்றியோடு நெற்றி சேர்த்து அழுவது வழக்கம். 1902-இல் இங்கே வந்து தங்கி, 1906-இல் தோடர்களைப்பற்றிப் பெரிய நூல் வெளியிட்ட ரிவர்ஸ் என்ற அறிஞர் இதை விவரித்திருக்கிறார். சற்று நேரம் ஒருவரோடு அழுதபின் எழுந்துபோய் மற்றொருவரோடு நெற்றி சேர்ப்பார்கள். தனியாக அழ விடுவதில்லை. அதுதான் அங்கே மரியாதை. 1930-களில் இம்மலையில் பாஷைகளை ஆராய்ந்த எமனோ, தோடர் பாட்டுக்களில் ஒவ்வொரு தொடருக்கும் ஒரு ஜோடித் தொடர் உண்டு என்று காட்டினார். முதலாவதைக் கேட்டவுடன் அடுத்து வரப்போவது கேட்பவருக்குத் தெரிந்துவிடுமாம். பாடுகிறவர் பாதி சொல்ல, கேட்கிறவர் மனத்துக்குள் மறுபாதியைச் சொல்லிக்கொள்கிறார். நல்ல புலம்பலைக் கேட்கும் சுகம் எது என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

படுகர்களின் பழைய சடங்கு இன்னும் விசித்திரமானது. இறந்தவரின் உடலைச் சுற்றி ஊர் கூடி நிற்க, ஒரு பெரியவர் பாவங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார். உடன்பிறந்தார்மீது கோள் சொன்னது, எல்லைக் கல்லை நகர்த்தியது, வழி தெரியாமல் வந்தவனுக்குத் தப்பு வழி காட்டியது என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் முழுவதும், 'அது பாவம்' என்று ஒரே குரலில் பதில் சொல்லும். இறந்தவர் அவற்றையெல்லாம் செய்தாரா என்ற விசாரணை கிடையாது. முற்காலத்தில் அந்தப் பாவங்களை ஓர் எருமைக் கன்றின்மேல் ஏற்றி, அதை விரட்டிவிடுவார்களாம். சொல்லித் தீர்த்த பிறகு அது எங்கே போகவேண்டும் என்பதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள் அல்லவா? நம் வீட்டுக் கூடங்களில் நடக்கும் புலம்பலுக்கு இந்தக் கன்றுக்குட்டிதான் இல்லை.

சமவெளித் தமிழர்களுக்கு ஒப்பாரி இருக்கிறது. ஒப்புச் சொல்லி அழுவதால் ஒப்பாரி. ஒப்பாரிக்குப் பேர்போன பாட்டி ஒருத்தி எழவு வீட்டுக்குள் நுழைந்தால், அதுவரை அழாதவர்களும் அழுவார்கள். ஒவ்வொருவரும் அழுவது தத்தம் துக்கத்துக்கு. 'இழவுக்கு வந்தவள் தாலி அறுப்பாளா?' என்று பழமொழி கேட்கிறது. அறுக்க மாட்டாள். ஆனால் அடைத்துக் கிடந்ததை அழுதுவிட்டு, மனம் லேசாகி வீட்டுக்குப் போவாள்.

மனம் உண்மையிலேயே லேசாகிறதா? இங்கேதான் மேனாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் குறுக்கே வந்து நிற்கிறார்கள். 1895-இல் பிராயரும் பிராய்டும் வெளியிட்ட நூலில் வரும் ஒரு பெண்மணி, தம் மனத்திலுள்ளதைக் கொட்டித் தீர்ப்பதைப் 'புகைபோக்கி சுத்தம் செய்வது' என்று வேடிக்கையாகச் சொன்னார். அதிலிருந்து, கோபத்தை உள்ளே வைத்தால் வெடிக்கும், வெளியே விட்டால் அடங்கும் என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது. ஆனால் 2024-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், 154 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் பங்கெடுத்தவர்கள் பதினாயிரம் பேருக்கு மேல். கோபத்தைக் கொட்டித் தீர்ப்பதால் கோபம் குறைவதாகத் தெரியவில்லை என்பதே முடிவு. ஓடினால்கூடக் குறைவதில்லையாம். மூச்சை நிதானப்படுத்துவது, தியானம் போன்றவை குறைக்கின்றனவாம். நம் பாட்டனார் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு மூக்கைப் பிடித்ததற்கு நூற்றைம்பத்து நான்கு ஆராய்ச்சிகளின் ஆதரவு கிடைத்துவிட்டது. அவர் இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

இதோடு 2002-இல் ரோஸ் என்ற அம்மையார் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆராய்ச்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே குறையை இரண்டு சிநேகிதர்கள் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டால், சிநேகம் நெருக்கமாகிறது. அதே சமயம் சோர்வும் கவலையும் அதிகமாக இருக்கின்றன என்று அவர் கண்டார். அதாவது புலம்பல் துக்கத்துக்கு மருந்து அல்ல, தனிமைக்கு மருந்து. பழைய அகராதிக்கே திரும்பி வந்துவிட்டோம். கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் அதைச் சுமக்க இரண்டு பேர் ஆகிவிட்டார்கள்.

எங்கள் உபாத்தியாயர் அறையில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். காலை எட்டு மணிப் பஸ்ஸைப்பற்றிப் பதினோரு வருஷம் புலம்பியவர். பஸ் முன்னால் வந்தால் ஒரு புலம்பல், பின்னால் வந்தால் ஒரு புலம்பல், சரியான நேரத்தில் வந்தால் உட்கார இடமில்லை என்று ஒரு புலம்பல். அந்தப் பஸ்ஸின் கண்டக்டரைப் பார்த்தறியாத நாங்கள், அவருடைய மீசையைக்கூட வரைந்து காட்டுவோம். அவ்வளவு தத்ரூபம். ஒரு நாள் புதிதாக வந்த ஆசிரியை ஒருத்தி, வெகுளி, "பள்ளிக்குப் பின்னாலேயே ஒரு வீடு வாடகைக்கு இருக்கிறது, சார்" என்றாள். அறை முழுவதும் அமைதியாகிவிட்டது. அவர் அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. மறுநாள், அந்த வீட்டில் ஈரம், சுவரில் பாசி, சமையலறையில் கரடி வரும் என்று ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது. அவர் விடுப்பெடுத்த நாட்களில் காப்பி ருசிக்காது.

அவருடைய புலம்பல் ஒரு கலை. பரிகாரம் சொல்வது அதற்கு அவமரியாதை. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ருசி நமக்குப் பழகிப்போனதால் ஓர் ஆபத்து வந்து சேர்ந்திருக்கிறது. பரிகாரம் வேண்டித் தவிக்கிறவர்களுடைய பேச்சையும் நாம் அதே காதால் கேட்கத் தொடங்கிவிடுகிறோம்.

கோத்தகிரிப் பக்கத்துத் தேநீர்க் கடை எதிலாவது பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். பச்சைத் தேயிலை விலையைப்பற்றிப் பேச்சு வராமல் இராது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி, இலையைக் கிள்ளிக் கிலோக் கணக்கில் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார். தொழிற்சாலைத் தூள் குன்னூரில் ஏலம் போகிறது. அங்கே ஏலம் தொடங்கியது 1963-இல். ஏலத்தில் போகும் விலையைப் பொறுத்து இலைக்கு விலை. 1998-க்குப் பிறகு அந்த விலை சரிந்தது. உரம், கூலி, பள்ளிக் கட்டணம் மூன்றும் ஏறின. கடைக்காரர் ஊற்றித் தரும் தேநீர் ஒரு கோப்பையின் விலை ஏறிக்கொண்டே போகிறது. அதற்கு இலை தந்தவருக்கு மட்டும் ஏறவில்லை. இதைக் கால் நூற்றாண்டாகச் சொல்லி வருகிறார்கள். கேட்பவர் எல்லோரும், "வாஸ்தவம், வாஸ்தவம்" என்கிறார்கள். தொழிற்சாலைக்காரரும் வாஸ்தவம் என்கிறார், தரகரும் வாஸ்தவம் என்கிறார், வோட்டுக் கேட்டு வருகிறவரும் வாஸ்தவம் என்கிறார். மறுத்துப் பேச ஓர் ஆள் இருந்தாலாவது சண்டை போடலாம். எல்லோரும் ஆமோதித்துவிட்டால் யாரிடம் போய் நிற்பது? 2023 செப்டம்பரில் அவர்கள் தேநீர்க் கடையை விட்டெழுந்து, பந்தல் போட்டுத் தொடர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் பத்திரிகைகளில் அது செய்தியாயிற்று. வார்த்தை அதே வார்த்தைதான்; சொல்லும்போது வயிறு காலியாக இருந்தது.

தோட்டத் தொழிலாளர் கதை இதைவிட நீளமானது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால், இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அந்த லட்சங்களை யாரும் கலந்து கேட்கவில்லை. வந்தவர்களில் பல குடும்பங்கள் நீலகிரிக்கு வந்தன. அவர்களுக்கு வேலை தருவதற்காகச் சர்க்கார் 1968-இல் தேயிலைத் தோட்டங்கள் போடத் தொடங்கியது. இந்தியாவில் அவர்கள் சிலோன்காரர். சிலோனில் அவர்கள் இந்தியர். தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீடு யாருடையது என்ற கேள்வி, கை நரம்பு தளர்ந்த ஒவ்வொரு கிழவிக்கும் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஜில்லா கலெக்டர் அலுவலகங்களில் திங்கட்கிழமை தோறும் குறைதீர்க்கும் நாள் நடப்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். உதகையில் அதற்குப் பிங்கர்போஸ்டுக்குப் போகவேண்டும். ஒரு மாணவனுடைய சான்றிதழ் விஷயமாகப் போன வருஷம் நான் அங்கே போயிருந்தேன். வெளியே மனு எழுதித் தருகிறவர் ஒருவர், மழைக்குக் குடை விரித்துப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். இந்த உலகத்தில் காசு வாங்கிக்கொண்டு புலம்பல் கேட்கும் உத்தியோகம் வக்கீலுக்கு அடுத்தபடி இவருக்குத்தான். அவர் முன்னால், கம்பளிச் சட்டையும் தலையில் துண்டுமாக ஒரு மூதாட்டி. தலைமன்னாரில் கப்பலேறியது, ராமேசுவரத்தில் இறங்கியது, மண்டபம் முகாமில் காய்ச்சலில் குழந்தை போனது, அட்டைக் கடியில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். நடுவில் இரண்டு பேர் அவசரப்படுத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி ஆத்தா, இப்ப கலெக்டர் ஐயா கிட்ட என்ன கேக்கணும்?" என்றார்.

"இருக்கிற லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லக்கூடாது, தம்பி. இல்லாட்டி ஒரு மூணு சென்ட் எடம்."

பத்து வரியில் எழுதி முடித்து, அவளுக்குப் படித்துக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. சர்வே நம்பர்கூடப் போட்டிருந்தார். கிழவி கைரேகை வைக்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கப்பல்ல வந்தது எழுதலையா, தம்பி?"

"அதெல்லாம் அவங்களுக்குத் தேவையில்ல ஆத்தா. ஒரு பக்கத்துக்கு மேல போனா படிக்கமாட்டாங்க."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் குடையைச் சற்று நிமிர்த்தினார். தாளைத் திரும்ப வாங்கி, கடைசி வரிக்கும் 'இப்படிக்கு' என்பதற்கும் நடுவே இருந்த இடைவெளியில், எழுத்தைப் பொடியாக்கி, கப்பலேறிய ஊரையும் வருஷத்தையும் எழுதினார். பிறகு மை டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.